அலுமாரியும் திறப்பும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்பது நம் முன்னோர் வாக்கு. அவர்கள் இன்று கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் வாழ நேர்ந்திருப்பின், “படுக்கையறைக்கு ஓர் அலுமாரியை வாங்கிப் பார்” என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பர் என்பதில் எமக்கு ஐயமில்லை. வீடு கட்டும் பேறு எமக்கு வாய்க்கவில்லை. கலியாணம் ஒன்றைச் செய்துகொண்டோம், அதோடு அடங்கிவிட்டோம். ஆனால் அலுமாரியை வாங்கிப் பார்த்துவிட்டோம். அதனாற் பெற்ற அறிவையும், அந்த அறிவைப் பெறுமுன் பட்ட பாட்டையும் இன்று வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

எமது வீடு ஐந்தாம் மாடியில் உள்ளது. யன்னலைத் திறந்தால் கரையோரப் புகையிரதப் பாதையும் அதற்கப்பாற் கடலும் தெரியும். படுக்கையறைகள் இரண்டே. அவற்றுட் சிறியது 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது. பல்கலைக்கழகத்திற் பயிலும் எம் புதல்வி அதில் இருந்து வந்தாள். சென்ற ஆண்டு, 81 வயதான எம் அன்னையார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எம்மோடு தங்கலானார். அப்பம்மாவுக்கும் பேர்த்திக்கும் ஒரே அறை என்றாயிற்று. அங்கிருந்த பழைய இரும்பு அலுமாரியோ, கடற்காற்றின் உப்பினால் துருவேறி, திறக்கும்போதெல்லாம் அயலவரை எழுப்பும் அளவுக்கு ஓலமிட்டது. அதற்கு விடைகொடுக்கும் காலம் வந்துவிட்டது என்று வீட்டிலுள்ளோர் யாவரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம். எமது குடும்பத்தில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானங்கள் மிகச் சில. அவற்றுள் இதுவும் ஒன்று.

புதியதைத் தெரிவு செய்யும் உரிமையைப் புதல்விக்கே அளித்தோம். அவள் தன் கைத்தொலைபேசியிற் சில படங்களைக் காட்டினாள். வெண்ணிற அலுமாரி, பிடி இல்லை, பூட்டு இல்லை, திறப்புத் துவாரமும் இல்லை, பால்போன்ற வெண்மையிற் கண்ணாடிபோன்ற மினுக்கம். “எப்படித் திறப்பது?” என்று வினவினோம். “விரலால் மெல்லத் தள்ளினால் கதவு தானே வெளியே வரும், அப்பா. இப்போது எங்கும் இப்படித்தான்” என்றாள். எங்கும் இப்படித்தான் என்ற சொல்லுக்கு எதிராக வாதாடி வென்ற தந்தையர் எவரேனும் இருப்பின், அவர்களுக்கு எமது வணக்கம்.

மூன்று கதவுகள் கொண்ட அலுமாரி, நான்கு லாச்சிகள் கொண்ட பெட்டி, கட்டிலருகே வைக்கும் சிறுபெட்டிகள் இரண்டு என எல்லாம் அட்டைப் பெட்டிகளிற் பலகைகளாகவே வந்திறங்கின. இரு இளைஞர்கள் அரை நாளில் அவற்றைப் பொருத்தி முடித்தனர். இறுதியிற் கதவுகளின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய காப்புத்தாளை உரித்தபோது, அறையே ஒருமுறை கண் விழித்ததுபோல் இருந்தது. எம் துணைவியார் கதவின் முன் நின்று தலைமயிரைத் திருத்திக்கொண்டார். புதல்வி படம் எடுத்துத் தோழியர்க்கு அனுப்பினாள். அன்னையார் கட்டிலில் அமர்ந்தபடி சற்று நேரம் பார்த்துவிட்டு, “வடிவாத்தான் இருக்கு. ஆனால் தம்பி, இதுக்குத் திறப்பு எங்கை?” என்றார். “திறப்புத் தேவையில்லை, அம்மா” என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தின் பொருளை நாம் அப்போது ஆராயவில்லை.

அன்றிரவே முதலாவது துன்பம் நேர்ந்தது. நள்ளிரவில் எழுந்த அன்னையார், வெள்ளைச் சேலை உடுத்த ஒரு பெண் எதிரே நடந்து வருவதைக் கண்டு “யாரது?” என்று குரல் கொடுத்தார். வீடு முழுவதும் விழித்துக்கொண்டது. வந்தவர் வேறு யாருமல்லர். அலுமாரிக் கதவிலே தெரிந்த அவருடைய சொந்த உருவமே. மயன் சமைத்த மண்டபத்திலே பளிங்குத் தரையை நீரென்று கருதி ஆடையைத் தூக்கிக்கொண்ட துரியோதனனின் கதை எமக்கு நினைவுக்கு வந்தது. ஆயினும் அவன் மன்னன், பகலில் ஏமாந்தான். எம் அன்னையார் கண்ணிற் புரை படரத் தொடங்கிய முதியவர். இரவில் ஏமாந்ததில் வியப்பென்ன?

மறுநாட் பிற்பகல் இரண்டாவது துன்பம் வந்தது. மேற்கே சாய்ந்த சூரியன் கடலின் ஒளியையும் சேர்த்து யன்னல் வழியே அனுப்ப, அலுமாரி அதனை வாங்கி அறை முழுவதும் வீசிற்று. புரை படர்ந்த கண்களுக்குக் கூச்சம் பெரும் பகை. அன்னையார் கட்டிலிற் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெண்சுவர், வெண்ணிற அலுமாரி, வெண்ணிற மின்னொளி எல்லாம் சேர்ந்து அவ்வறையை வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கூடமாக்கிவிட்டன. ஒரு கிழமைக்குள் புதல்வியே தன் பாடப் புத்தகங்களுடன் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டாள்.

நாம் முப்பது ஆண்டுகள் பாடசாலையிற் பௌதிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். படுகோணமும் தெறிகோணமும் சமம் என்று கரும்பலகையில் எத்தனை முறை கீறிக் காட்டினோம் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் எம் சொந்த வீட்டில் ஓர் அலுமாரியை எங்கே நிறுத்துவது என்று அந்த விதியிடம் ஒருமுறையேனும் கேட்டோமில்லை. வெட்கத்தோடு மீண்டும் மாணவரானோம்.

மினுக்கம் என்பது யாது? காற்றில்லாத வேளையிற் கேணி நீரை எட்டிப் பார்த்தால் நம் முகமும் மேலே கிளை விரித்த மரமும் அதிலே தெரியும். சிறு காற்று வீசிவிட்டாற் போதும்; முகம் போய்விடும், நீர் மட்டும் எஞ்சும். தளம் ஒப்பரவாக இருந்தால் ஒளி ஒரே திசையிலே தெறிக்கும்; கரடாக இருந்தாற் பல திசைகளிலே சிதறும். மினுக்கத்தை அளப்பதற்கும் கருவி உண்டு. தளத்தின் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்வாக ஒளியைச் செலுத்தி, எதிர்ப்புறம் தெறித்து வரும் ஒளியை அது அளக்கின்றது. மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடிக்கு 100 என்று வைத்து ஏனையவற்றுக்கு எண் வழங்குவர். கடைக்காரர் ‘உயர் மினுக்கம்’ என்று சொல்லும் கதவுகள் இந்த அளவிலே கண்ணாடிக்கு மிக அண்மையில் நிற்பவை.

இதிலிருந்து நாம் கண்ட உண்மை எளிது. மரத்தாலான அலுமாரிக்குத் தன் நிறமும் வரியும் அழகு. மினுங்கும் அலுமாரிக்கோ தன்னுடையது என்று சொல்ல அதிகம் இல்லை. எதிரே எது நிற்கின்றதோ அதையே அது காட்டும். ஆதலால் அவ்வலுமாரியை அழகுபடுத்த விரும்புவோர் முதலிற் கவனிக்கவேண்டியது எதிர்ச்சுவரை. எமது எதிர்ச்சுவரிலோ வெயிலடிக்கும் யன்னலும், நிழற்குடையில்லாத மின்குமிழும் அன்றி வேறொன்றும் இல்லை. அவ்விரண்டையுமே அலுமாரி எமக்கு இரட்டிப்பாகத் திருப்பித் தந்தது. பழி அலுமாரியிலா?

இங்கே சற்று விலகி, இந்த மினுக்கத்தின் குலமுறையையும் கூறிவிடுகின்றோம், மாணவர்களுக்குப் பயன்படும். மரத்திற்கு மெருகூட்டும் கலை நம் நாட்டிற்குப் புதியதன்று. மாத்தளை மாவட்டத்து ஹப்புவிட என்னும் ஊரிலே, வெப்பத்தில் இளகிய நிற அரக்கை நூல்போல் இழுத்து, மரத்தின் மேல் வைத்து நகத்தினால் அழுத்திக் கோலமிடும் கைவினைஞர் பரம்பரை உண்டு. கலாநிதி ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலில் இந்த அரக்கு வேலையையும் எழுதி வைத்துள்ளார். அந்த அரக்கு ஒரு சிறு பூச்சி சுரப்பது. யப்பானியரும் சீனரும் வளர்த்த மெருகோ ஒருவகை மரத்தின் பாலிலிருந்து வருவது. அது ஈரக்காற்றிலே இறுகும் விந்தை உடையது.

இருபதாம் நூற்றாண்டு மெருகைத் தொழிற்சாலைக்குள் கொண்டு சென்றது. நம் வீடுகளிற் பெயர்பெற்ற போமைக்கா 1912ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில், மின் காவலாகப் பயன்பட்ட மைக்கா என்னும் அப்பிரகத்திற்கு மாற்றாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ‘மைக்காவுக்குப் பதிலாக’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களே அதன் பெயராயின. இன்றைய வெண்ணிற அலுமாரிகளின் உடலோ எம்.டி.எவ். எனப்படும் நார்ப்பலகை, மரத்தை நாராக்கி, பசையிட்டு, சூட்டில் அழுத்திச் செய்வது, 1960களில் அமெரிக்காவில் வணிகப் பொருளாக வெளிவந்தது. அதன் முகத்திற்கு மினுக்கம் ஊட்டும் வழிகள் பல. வர்ணம் விசிறி மெருகிடுவர். அக்ரிலிக் தகட்டை ஒட்டுவர். மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சூட்டில் அழுத்துவர். வாங்குமுன் எவ்வகை என்று கேட்டறிதல் நன்று. அவற்றைப் பேணும் முறை அதற்கேற்ப வேறுபடும்.

இனி, நாம் செய்த மாற்றங்களைக் கூறுவோம்.

முதலாவது, இடம். யன்னலுக்கு நேரெதிரே நின்ற அலுமாரியை, யன்னலுக்குப் பக்கவாட்டாக உள்ள சுவருக்கு மாற்றினோம். இப்போது ஒளி கதவுகளை உரசிச் செல்கின்றதேயன்றி நேராக மோதித் தெறிப்பதில்லை. நேர்வெயில் நெடுநாட் பட்டால் வெண்மை மஞ்சளிக்கும் என்பதனால் அலுமாரிக்கும் இது நன்மையே. கட்டிலின் தலைமாட்டையும் திருப்பினோம். படுத்திருப்பவர் எழும்போது தம் உருவத்தை எதிரே காணாதபடி பார்த்துக்கொண்டோம். கதவைத் திறந்து நின்று உடை எடுக்க அலுமாரியின் முன் இரண்டரை அடியேனும் வெறுமையாக இருத்தல் வேண்டும். இரண்டடி ஆழமான அலுமாரி பத்தடி அகலமான அறையில் எவ்வளவை விழுங்கும் என்பதை, வாங்குமுன் தரையிற் சுண்ணக்கட்டியாற் கீறிப் பார்ப்பவர் அறிவாளி. நாம் வாங்கிய பின்னரே கீறினோம்.

இரண்டாவது, ஒளி. மின்குமிழ்ப் பெட்டிகளிற் கெல்வின் என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளொளி. 2700 முதல் 3000 வரை என்றால் மஞ்சள் கலந்த இதமான ஒளி. நம்மவர் வீடுகளில் முன்னதே பெரும்பாலும் எரியக் காண்கின்றோம். நாம் படுக்கையறைக்குப் பின்னதை இட்டு, குமிழ் கண்ணுக்குத் தெரியாதவாறு துணிக்கூடு ஒன்றும் போட்டோம். முன்பு கதவிலே கூரிய நெருப்புப் புள்ளியாகத் தெரிந்த விளக்கு, இப்போது நிலவுபோல் மங்கித் தெரிகின்றது. அன்னையாருக்காகத் தரையோரமாகச் சிறு இராவிளக்கு ஒன்றும் வைத்தோம். வெள்ளைச் சேலைக்காரி அதன் பின்னர் வரவில்லை.

மூன்றாவது, துணை. மினுங்கும் பொருளுக்கு மினுங்காத பொருளே ஏற்ற துணை. எதிர்ச்சுவருக்கு மினுக்கமற்ற சந்தன நிற வர்ணம் பூசினோம். கட்டிலுக்கு மருதமுனைக் கைத்தறி விரிப்பு. தரைக்குப் பனையோலைப் பாய். அழுக்குத் துணிகளுக்கு மூலையில் ஒரு பனையோலைக் கடகம். இந்தக் கடகம் அன்னையார் தம்மோடு கொண்டுவந்தது. மாம்பழம் நிரம்பி வந்தது. அதனைக் குப்பையிற் போடுவதா வைத்திருப்பதா என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்திருந்தது. வெண்ணிறக் கதவில் அதன் பின்னல் மங்கலாகத் தெரிந்ததைக் கண்டதும், போடலாம் என்று வாதித்த புதல்வியே அதனை நகர்த்தி நகர்த்தி நல்ல இடம் பார்த்து வைத்தாள். லாச்சிப் பெட்டியின் மேற்றளமும் மினுங்குவதால் அதன்மேல் வைக்கும் ஒவ்வொரு பொருளும் இரண்டாகத் தெரியும். பத்துப் பொருள் வைத்தால் இருபது. சந்தைக் கடைபோல் ஆகிவிடும். ஒரு விளக்கு, ஒரு பூச்செம்பு, ஒரு புத்தகம் என மூன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

நான்காவது, பேணுதல். தூசியை முதலில் மென்மையான உலர்ந்த துணியால் அகற்றி, பின் மிதமான திரவச் சவர்க்காரம் சில துளி கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றவேண்டும். பொச்சும் உரசும் தூளும் அருகில் வரலாகாது. கண்ணாடி துடைக்கும் திரவங்களில் அமோனியாவோ மதுசாரமோ கலந்திருப்பின் அக்ரிலிக் முகம் மங்கும். நார்ப்பலகையின் பகை நீர். ஓரத்து ஒட்டு விலகி நீர் புகுந்தால் பலகை ஊதிவிடும். ஆகவே தரை துடைக்கும்போது அடிப்பக்கம் ஈரம் தங்கலாகாது. மழைக்காலத்திற் பூஞ்சணம் பிடியாதிருக்கச் சுவருக்கும் அலுமாரிக்கும் இடையே சிறிது இடைவெளி விட்டு, கிழமைக்கு ஒருமுறை கதவுகளைத் திறந்து காற்றாட விடவேண்டும். புதிதாக வந்த நாட்களில் வீசும் வாசனை பசையிலுள்ள போமல்டிகைட்டினால் வருவது. யன்னல்களைத் திறந்து வைத்தல் அவசியம். கடலருகே வாழ்வோர் பிணைச்சல்கள் துருப்பிடியா உருக்கினாலானவையா என்றும் பார்க்கவேண்டும். சிறுவர்கள் உள்ள வீட்டிலே உயர்ந்த பெட்டிகளையும் அலுமாரிகளையும் சுவரோடு பிணைத்துவிடுதல் கட்டாயம். திறந்த லாச்சிகளிற் குழந்தை ஏறினாற் பெட்டி கவிழ்ந்துவிடும்.

இவ்வளவும் செய்து முடித்த பின் அறை அழகாயிற்று. புதல்வி சாப்பாட்டு மேசையை விட்டு அறைக்கு மீண்டாள். ஆனால் ஒரு காரியம் மட்டும் எமக்கு விளங்கவில்லை. அலுமாரியின் இடக்கதவுப் பகுதியை அன்னையாருக்கென்று ஒதுக்கியிருந்தோம். மாதம் இரண்டு கடந்தும் அதிலே ஒரு சேலைதானும் வைக்கப்படவில்லை. அவருடைய உடைமைகள் யாவும் கட்டிலின் கீழே ஒரு பழைய தோற்பெட்டியிலேயே இருந்தன. குனிந்து அதை இழுத்தெடுப்பதும் மீண்டும் தள்ளுவதுமாக அவர் படும் சிரமத்தைக் கண்டு, எம் துணைவியார் ஒருநாள், “மாமி, அலுமாரி சும்மாதானே கிடக்குது, நான் அடுக்கித் தாறன்” என்றார். “வேண்டாம் பிள்ளை, இதுதான் எனக்கு வசதி” என்றார் அன்னையார். கதவைத் தள்ளியதும் அது துள்ளி வெளியே வருவது அவரைத் திடுக்கிடச் செய்கின்றது போலும் என்று நாம் எண்ணினோம். பழமையில் ஊறியவர் என்றும் எண்ணினோம். ஒருமுறை அவர் அக்கதவுக்குத் தேங்காயெண்ணெய் பூசி மினுக்க முயன்று, துணைவியாரும் புதல்வியும் ஒரு பகல் முழுவதும் துடைக்க நேர்ந்ததும் உண்டு.

உண்மையைக் கண்டறிந்தவள் எம் புதல்வி. ஓர் இரவு மின்சாரம் தடைப்பட்டது. இருளில் அப்பம்மாவும் பேர்த்தியும் பேசிக்கொண்டிருந்தனர். மறுநாட் காலை அவள் எம்மிடம் வந்து, “அப்பா, அப்பம்மாவின் பெட்டிக்குள் ஒரு பெரிய இரும்புத் திறப்பு இருக்கின்றது. அது எதனுடையது என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். எமக்குத் தெரியும். அத்திறப்பு எம் வீட்டுப் பெட்டகத்தினுடையது.

இளம் வாசகர்களுக்காகச் சொல்கின்றோம். பெட்டகம் என்பது யாழ்ப்பாணத்து வீடுகளிலே இருந்த மாபெரும் மரப்பெட்டி. மேலே பாய் விரித்து ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். கூறைச் சேலை, நகை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் என ஒரு குடும்பத்தின் வரலாறு முழுவதும் அதற்குள் இருக்கும். அதன் திறப்பு வீட்டுத் தலைவியின் முந்தானையில் இருக்கும். எம் வீட்டுப் பெட்டகத்திற்கு ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு முன்னர் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து மெருகேற்றுவார் அன்னையார். எண்ணெய் பூசப்பட்ட அந்தக் கருமரத்திலே சிறுவராயிருந்த நாம் எமது முகத்தைத் தேடியது இப்போது நினைவுக்கு வருகின்றது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். செம்மணி வீதியிலும் நாவற்குழிப் பாலத்திலும் அடியெடுத்து வைக்க இடமில்லாத நெருக்கம். அந்த நெருக்கத்திலே எம் அன்னையாரும் ஒருவர். தந்தையார் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். நாமோ கொழும்பிற் கற்பித்துக்கொண்டிருந்தோம். பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? உறுதிகளையும் கூறையையும் ஒரு படத்தையும் தோற்பெட்டியில் இட்டுக்கொண்டு, பெட்டகத்தைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டார். அடுத்த ஆண்டு திரும்பிச் சென்றபோது வீட்டின் சுவர்கள் நின்றன. பெட்டகம் இருந்த இடத்திலே தரை மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. இவ்வளவும் நாம் அறிந்தவையே. ஆனால் அந்நாள் தொட்டு அன்னையார் எந்த அலுமாரியிலும் எதையும் வைத்ததில்லை என்பதையும், கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நடக்கக்கூடிய பெட்டியொன்றிலேயே தம் உடைமைகளை இத்தனை ஆண்டுகளாக வைத்திருக்கின்றார் என்பதையும் நாம் கவனிக்கவில்லை. பேர்த்தி கேட்ட கேள்வியை மகன் ஒருநாளும் கேட்டதில்லை.

“அப்பா, ஆசாரியாரைக் கூப்பிடுங்கோ. அப்பம்மாவின் கதவுக்குப் பூட்டுப் போடவேணும்” என்றாள் புதல்வி.

“கதவிலே துளை போடவேண்டிவரும், பிள்ளை. நீ ஆசைப்பட்டு வாங்கியது பழுதாகுமே?”

“போடட்டும்” என்றாள்.

எமக்கு அறிமுகமான ஆசாரியார் ஒருவர் வந்தார். மினுங்கும் முகத்திலே துளையிடுவது எளிதன்று, ஓரம் சிதறிவிடும். அவர் துளையிடும் இடத்தில் ஒட்டுத்தாளை ஒட்டி, பின்னே ஒரு மரத்துண்டை இறுக அணைத்து, முகப்பக்கமிருந்து மெல்ல மெல்லத் துளையிட்டார். ஒரு கதவுக்கு மட்டும் பிடி வைத்தால் ஒழுங்காக இராது என்று புதல்வி கூறவே, மூன்று கதவுகளுக்கும் பித்தளைக் குமிழ்கள் வைத்து, இடக்கதவுக்கு மாத்திரம் பூட்டும் பொருத்தினார். தள்ளித் திறக்கும் பொறிகளைக் கழற்றிவிட்டுக் காந்தப் பிடிகளை இட்டார். வேலை முடிந்தபின் பார்த்தோம். அகன்ற வெண்மையிலே அந்த மூன்று பித்தளைப் புள்ளிகளும் கண்ணுக்குத் தங்குமிடமாயின. விரல்கள் கதவின் முகத்தைத் தொடாததால் அன்றாடம் துடைத்த விரலடையாளங்களும் ஒழிந்தன. அலுமாரி அழகிழக்கும் என்று அஞ்சிய துளைகளே அதன் குறையை நிறைத்தன.

சிறிய புதுத் திறப்பை ஆசாரியார் எம்மிடம் நீட்டினார். நாம் அதைப் புதல்வியிடம் கொடுத்தோம். அவள் அப்பம்மாவின் கையில் வைத்தாள். அன்னையார் அதைப் புரட்டிப் பார்த்தார். கதவைத் தாமே ஒருமுறை பூட்டினார், திறந்தார், மீண்டும் பூட்டி இழுத்துப் பார்த்தார். “நல்ல பூட்டு” என்றார். அவ்வளவே. அன்று வேறொன்றும் நடக்கவில்லை.

மூன்று நாட்களின் பின் ஒரு காலைப்பொழுதிலே, நாம் கடைக்குப் போய் வந்து பார்த்தபோது, இடப்பகுதியில் மேற்றட்டிற் கூறைச் சேலையும், நடுத்தட்டில் நாளாந்தச் சேலைகளும், அடியிலே காணி உறுதிகள் சுற்றிய துணிப்பொதியும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. சேலைகளினிடையே காய்ந்த வேப்பிலைகள் தெரிந்தன. தந்தையாரின் படத்தைக் கையில் வைத்திருந்த அன்னையார், “தம்பி, இதை எங்கையாவது கொழுவி விடு மோனை” என்றார். சந்தன நிற எதிர்ச்சுவரில் அதனை மாட்டினோம். நாம் சென்ற பக்கங்களிற் சொல்லிய விதிப்படியே, அவர் இப்போது அலுமாரிக் கதவிலும் மங்கலாகத் தெரிகின்றார்.

நவீன அறைகளை அலங்கரிப்பது எவ்வாறு என்று எம்மைக் கேட்போர் சிலர் உளர். இடத்தையும் ஒளியையும் துணைப்பொருள்களையும் பற்றி மேலே கூறியவை அவர்களுக்குப் போதும். ஆயினும் ஒன்றை வேண்டிக்கொள்கின்றோம். புதிய அலுமாரியை வாங்குமுன், அதிலே தம் பொருளை வைக்கப்போகின்றவர் யார், எதை வைக்கப்போகின்றார், முன்பு எதிலே வைத்திருந்தார் என்று வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து கேளுங்கள். மின்சாரம் தடைப்படும்வரை காத்திருக்கவேண்டாம்.

புதுத் திறப்பும் பழைய இரும்புத் திறப்பும் இப்போது அன்னையாரின் முந்தானையில் ஒரே முடிச்சில் இருக்கின்றன. தோற்பெட்டி வெறுமையாகிவிட்டது. ஆனாலும் அது இன்னும் கட்டிலின் கீழேயே இருக்கின்றது. அதை எடுத்து அப்புறப்படுத்துமாறு எம் வீட்டில் எவரும் சொல்லவில்லை.